பதினோரு வெள்ளிக்கிழமை

மொட்டை மாடியில் நாற்பது சுற்று நடப்பவளெல்லாம் பித்துப் பிடித்தவள் என்றால், கம்பத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் பாதிப் பேரைப் பிடித்துக் கட்டிப் போட வேண்டியதுதான். மாரீஸ்வரி நடந்தாள், இல்லையென்று யார் சொன்னது? உச்சி வெயிலில், கையில் ஒரு டம்ளர் வெந்நீரோடு, தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். அதையும் ஒப்புக்கொள்வோம். அதற்காக, "அவளுக்கு யாரோ செய்வினை வெச்சுட்டாக" என்று எதிர்வீட்டு அக்கம்மாள் குழாயடியில் நின்று சொன்னது எந்த ஊர் நியாயம்? யாரும் எதையும் வைக்கவில்லை. போனில் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தது. எழுத்து வராமல் முரண்டு பிடித்தால் வெந்நீர் குடி, நட, நாற்பது சுற்றுக்குள் நாற்பது யோசனை வரும் என்று முகம் தெரியாத மகராசன் ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். அவளுக்கு வந்தது குதிகால் வலி.

மாரீஸ்வரிக்கு வயது முப்பத்தாறு. நெடுநெடுவென்ற உயரம். வீட்டு நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து குனிந்து, இப்போது வெட்டவெளியிலும் குனிந்தே நடக்கிறாள். யாராவது பேசினால் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், பால் பொங்குமா பொங்குமா என்று பார்ப்பது மாதிரி. நல்லதாக ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் போதும், பிசைகிற மாவை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடி எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொள்வாள். அவள் சுடுகிற சப்பாத்தியில் நீல மை இருக்கும் என்று அவள் புருசன் சுருளிராஜன் சொல்வது பொய்யில்லை. அவனுக்கு லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை. நாள் முழுக்க மிஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவன், அதனால் வீட்டில் யாரும் பேசாமல் இருந்தால் அதைப் பெரிய சுகமாக நினைப்பான். பேசாத புருசன் வாய்த்தவள் எழுதத்தான் செய்வாள்.

படித்தவர்கள் அதை வலைப்பூ என்கிறார்கள். தெருவில் அதற்கு 'அவ போன்ல எழுதுறது' என்று பெயர். மூன்று வருசம் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தப்பாமல் எழுதினாள். காய்ச்சலிலும் எழுதினாள், மாமனார் காரியத்தன்றும் எழுதினாள். நானூறு பேர் படித்தார்கள். அதில் ரீட்டா என்று ஒருத்தி, இராயப்பன்பட்டிக்காரி, மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவாம். வாராவாரம் படித்து முடித்த கையோடு கீழே ஒரு வரி எழுதிவிடுவாள்: "அக்கா, குழாயடியில நின்னு சண்டைய வேடிக்க பாத்துட்டு வந்தேன். துணி துவைக்கப் போறேன்." அந்த ஒற்றை வரியை மாரீஸ்வரி திங்கட்கிழமை வரைக்கும் எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

எதைப் பற்றி எழுதினாள் என்றால், தெருவைப் பற்றித்தான். கண் முன்னால் கிடப்பது அதுதானே. கேட்காமல் எழுதினாள், அது தப்பு. தப்பைத் தப்பு என்று சொல்லத்தான் வேண்டும். பேரை மட்டும் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தாளே, அது அதைவிடப் பெரிய தப்பு. அக்கம்மாளுக்குத் தாமரை என்று பேர் வைத்தாள், மூன்றாவது வீட்டுக் கருத்தம்மாளுக்கு ரோஜா. பேரை மாற்றியவள் கறிவேப்பிலையை மாற்றினாளா? கொல்லையில் இரண்டு ஆள் உயரத்துக்கு மரம் நிற்க, தன் மரம் மொட்டையாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் போய்த் தினமும் ஒரு கொத்துக் கேட்டு வாங்குகிற தாமரை யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாயா வர வேண்டும்? மருமகன் வருகிற அன்றைக்கு பிராய்லர் கோழியை வாங்கி, மஞ்சளை அப்பி, கண்ணுக்குள் வைத்து வளர்த்த நாட்டுக்கோழி என்று பரிமாறுகிற ரோஜாவை அந்த மருமகனே திருப்பூரில் உட்கார்ந்து படித்துவிட்டார். படித்தவர் சும்மா இருந்தாரா? மாமியாருக்குப் போன் போட்டு, "அத்தை, நம்ம கோழிக்குப் போன மாசம் என்ன வயசு?" என்று கேட்டிருக்கிறார்.

அன்றோடு தெரு வாயை மூடிக்கொண்டது.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டையை எழுதியிருப்பாள். இவர்கள் கெட்டிக்காரர்கள். மாரீஸ்வரி குடத்தோடு வந்தால் குழாயடியில் பேச்சு அந்த இடத்திலேயே அறுந்து நிற்கும். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்கும். இன்றைக்கு மழை வருமா மதினி என்று கேட்டால், "எங்களுக்கு என்னாத்தா தெரியும்" என்று வானத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போலச் சொல்வார்கள். கருத்தம்மாள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். அவள் காபி கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். சர்க்கரை போதுமா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் வெள்ளிக்கிழமை வந்துவிடுமாம்.

காது காலியானால் கை என்ன செய்யும்? போனையே கேட்டாள், எதைப் பற்றி எழுதலாம் என்று. அதற்கு வெட்கமா, மானமா, மூச்சு விடாமல் கொட்டியது. தேங்காய் எண்ணெயின் பன்னிரண்டு நன்மைகள் என்று ஒரு வாரம் எழுதினாள். கம்பம் பள்ளத்தாக்கில் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள் என்று அடுத்த வாரம். பத்தில் ஆறை அவளே பார்த்ததில்லை. மஸ்கட்டில் இருந்து ரீட்டா எழுதினாள்: "அக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

அதைப் படித்துவிட்டு மாரீஸ்வரி எழுதுவதை நிறுத்தினாள். ஒரு வெள்ளி போனது, இரண்டு போனது, பதினொன்று போனது.

நடுவில் அந்த மகராசன் சொன்ன வைத்தியம் எதையும் அவள் விடவில்லை. இடது கையால் எழுது என்றான். எழுதினாள், பால் கணக்கு அட்டையில்கூட இடது கையால் எழுதி வைக்க, பால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார். உட்காரும் இடத்தை மாற்று என்றான். கிரைண்டர் மேல் உட்கார்ந்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஒருநாள் படிக்கட்டுக்கு அடியில் வெங்காயக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்ததைக் கண்டு சுருளிராஜனே பயந்துபோனான். பயத்தில் பேச்சு வந்துவிட்டது அவனுக்கு. "வேணும்னா டர்பைன் பத்தி எழுதேன்" என்று ஆரம்பித்து, முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் குழாயில் இறங்கி எப்படி மிஷினைச் சுற்றுகிறது என்று ஒரு மணி நேரம் சொன்னான். கல்யாணமாகிப் பதினாலு வருசத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

எழுந்த பிறகு அவன் கேட்டான், எழுதாவிட்டால் என்ன குறைந்துவிட்டது, சோறு வேகாமலா இருக்கிறது என்று. அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் இந்தத் தெரு கேட்டிருக்க வேண்டும். "சோறு வேகுது. நான் இங்கன இருக்கேங்கிறது எனக்கே மறந்து போகுது" என்றாள்.

தெருவின் யோக்கியதையையும் சொல்ல வேண்டுமே. மானம் போச்சு மரியாதை போச்சு என்று குதித்த அக்கம்மாள், வெள்ளிக்கிழமை ஆனால் பெரியகுளத்தில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் போடுவாள். "எழுதிட்டாளாடி?" எழுதவில்லை என்று தெரிந்தால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். போதாததற்கு அவள் மனசில் இருந்த கடுப்பே வேறு. "என்னைய எழுதுனா, சரி. நாலே நாலு வரி. கருத்தம்மா கோழிக்கு மட்டும் அம்புட்டு நீளம் எதுக்கு?" என்று மகளிடம் கேட்டிருக்கிறாள். இவளுக்காகத்தான் மாரீஸ்வரி ராத்தூக்கம் கெட்டு வருத்தப்பட்டாள்.

இப்படி இருக்கையில்தான் ஐப்பசி மழையில் ஒருநாள் பின்தெருப் பஞ்சம்மாள் வந்தாள், ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்த ஒரு பாரம் பூர்த்தி செய்ய வேண்டும் என்று. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள். விடிய ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகக் கேரள மலைக்குப் போய், பொழுது சாய இறங்குகிற பெண்களில் ஒருத்தி. விரல் நுனியெல்லாம் காய்க் கறை ஏறிக் கறுத்திருக்கும். பாரத்தில் ஆறு வரிதான். அதை எழுதி முடிப்பதற்குள் பஞ்சம்மாள், மேஸ்திரி செருப்புக்குள் அட்டைப்பூச்சி புகுந்து கடித்ததில் இருந்து தன் மூத்த நாத்தனார் மலையாளத்திலேயே சண்டை போடப் பழகியது வரைக்கும் சொல்லித் தீர்த்துவிட்டாள். மாரீஸ்வரி பேனாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பஞ்சம்மாள் பேச்சை நிறுத்தினாள். "என்னாத்தா, கையக் கட்டிக்கிட்டு இருக்க? நீ எழுதுறவதானே?"

"எழுதலாமாக்கா?" என்றாள் மாரீஸ்வரி. மூன்று வருசத்தில் அந்த வார்த்தையை அவள் ஒருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எழுது. ஆனா பூப்பேரு கீப்பேரு வெக்காத. பஞ்சம்மான்னே போடு. இம்புட்டு வருசத்துல என்னைய எழுதுனது ரேசன் கார்டுலயும் இந்த ஆதாருலயும்தான். ரெண்டுலயும் தப்பாத்தான் எழுதிருக்காக."

மாரீஸ்வரி பேனாவை எடுத்தாள். பஞ்சம்மாள் தடுத்தாள். தான் ஒருத்தி சொல்வது எத்தனை வாரத்துக்குக் காணும், ஜீப்பில் பதினாலு பேர் இருக்கிறார்கள், ஏறும்போதும் இறங்கும்போதும் ஒருத்தி வாயும் சும்மா இருக்காது என்றாள். அப்படியானால் ஒருநாள் வந்து கேட்கட்டுமா என்று இவள் ஆசையோடு கேட்டதற்கு, "வேடிக்க பாக்க வந்தா ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டா. காய் எடுக்க வா. குனிஞ்சு எடு, முதுகு ஒடியட்டும். அப்புறம் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டுப் பாரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காய் எடுக்கப் போகிறேன் என்று அவள் ராத்திரி சொன்னதும் சுருளிராஜன் கத்தவில்லை, அவனுக்கு அது வராது. "பவர் ஹவுஸ்ல கேப்பாக" என்றான்.

"என்னன்னு?"

"உன் பொண்டாட்டி கூலிக்கு மலையேறுறாளாமேன்னு."

"ஆமான்னு சொல்லுங்க."

 சோறு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெரிய கோபம்தான். காலையில் அவள் எழுந்து பார்த்தால், கொடியில் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டை கிடந்தது. அதன் பையில் அட்டையை விரட்டுகிற உப்பு, துணியில் முடிந்து இருந்தது. கோபக்காரன் போட்ட முடிச்சு, அவிழ்க்கவே முடியவில்லை.

சேலைக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு மாரீஸ்வரி வாசலைக் கடந்தபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத நேரம். அந்நேரத்துக்குத் தெருவில் எத்தனை பேருக்குக் கோலம் போட வேண்டியிருந்தது என்கிறீர்கள்! மழையில் கோலம் போடுகிற புத்திசாலிகளை அன்றைக்குத்தான் பார்க்க முடிந்தது. வீட்டில் அடுப்பு எரியவில்லை போல என்று ஒருத்தி சொன்னாள். ஜீப் டிரைவர் தங்கபாண்டி இவளுக்கு ஒரு வகையில் சொந்தமாமே என்று இன்னொருத்தி இழுத்தாள். தங்கபாண்டி அதற்குள் இரண்டு தடவை ஆரன் அடித்துவிட்டான், அவனுக்கு மலையில் நேரத்துக்கு நிற்க வேண்டும்.

ஜீப்பின் பின்பக்கம் அவள் தலையை நீட்டினாள். உள்ளே கலகலவென்று ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது.

அந்த நிற்றல் எப்படி இருக்கும் என்று நாலு மாதமாக அவளுக்குத் தெரியும்.  ஒரு கால் படியிலும் ஒரு கால் சேற்றிலுமாக நின்றாள்.

"எடமில்ல. இங்கன உக்காரு" என்று பஞ்சம்மாள் தன் மடியைத் தட்டினாள்.

முப்பத்தாறு வயசுக்காரி, பி.ஏ. படித்தவள், கவர்ன்மென்ட் சம்பளக்காரன் பெண்டாட்டி, குனிந்து ஏறிப் போய்ப் பஞ்சம்மாள் மடியில் உட்கார்ந்தாள். முழங்கால் எதிரில் இருந்தவள் நெஞ்சில் இடித்தது. அவள் அதைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, "இம்புட்டு நீளக் கால வெச்சுக்கிட்டு எப்பிடித்தான் குனியப் போறியோ" என்றாள். யாரோ சிரித்தார்கள். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. உள் மூலையில் முகம் தெரியாத ஒருத்தி, விட்ட இடத்தில் இருந்து எடுத்தாள்: "அந்தாளு என்ன செஞ்சான்னு கேளுங்க. பொண்ணு பாக்கப் போன வீட்ல..."

வெளியே அக்கம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நடுத்தெருவுக்கே வந்துவிட்டாள். நாலு மாதத்துக்கு அப்புறம் அவளுக்கு வாய் திறந்தது. "ஏத்தா மாரி, எங்கன போற?" என்று ஜீப்புக்குப் பின்னால் கேட்டாள்.

மாரீஸ்வரி தலைத்துண்டைக் கொஞ்சம் தளர்த்தி, காதை மறைத்த முடியை ஒதுக்கிவிட்டு, உள் மூலைப் பக்கம் சாய்ந்தாள்.