மகள் அழிக்காத ஆட்டம்

விளக்கம் கேட்காமல் எவரையும் தண்டிக்கக் கூடாது. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் இந்த விதியைக் காப்பாற்றிய அதிகாரி நான். களவெடுத்த காவலாளிக்குக்கூட பதினான்கு நாள் அவகாசம் கொடுத்தேன். என் மகளுக்கு ஒரு நிமிடம் கொடுக்கவில்லை.

அவள் உயர்தரம் படித்த காலத்தில், மாம்புரியில் எங்கள் வீட்டுக் கணினியில் இருவரும் ஒரு பேய் விளையாட்டு ஆடினோம். பாதி மூழ்கிய தீவில் ஓர் ஆஸ்பத்திரி. கையில் ஒரு டோர்ச், ஆறு தோட்டா. தோட்டாக்களை இருப்பில் வைத்துக்கொண்டே நான் செத்துப்போவேன்.

"இது உங்கட கச்சேரி ஸ்டோர்ஸ் இல்லை அப்பா, சுடுங்க!" என்பாள் மகள்.

மூன்று மாதம் ஊர்ந்து கடைசி மாடிக்கு வந்திருந்தேன். ஆட்டத்தைச் சேமிக்க மூன்று இடங்கள்; முதலாவது என்னுடையது, மூன்றாவது அவளுடையது. ஒருநாள் அவள் தன் ஆட்டத்தைச் சேமிக்கப் போய், என்னுடையது அழிந்துவிட்டது.

"நான் மூன்றாவது இடத்தைத்தான் அமத்தினேன். அதுவா முதலாவதுக்குப் போச்சு."

"பொய் சொல்லாதே" என்று விளையாட்டு டிஸ்க்கை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதன்பின் அவள் என்னோடு எதுவும் விளையாடவில்லை. இத்தாலிக்குப் போய் ஒன்பது வருடம். தொலைபேசியில் தாயோடுதான் கதை. எனக்கு ஒரு "சாப்பிட்டீங்களா", அவ்வளவுதான்.

போன நவம்பரில் டிஸ்க் கையில் அகப்பட்டது. போட்டுப் பார்த்தேன். விளையாட்டின் குறைகள் அப்படியே இருந்தன. கமரா தூணுக்குப் பின்னால் நிற்கும். கதாநாயகி திரும்புவது பாலாவிச் சந்தியில் லொறி திருப்புவதுபோல. ஆனாலும் படிக்கட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டதும் எனக்கு மயிர் சிலிர்த்தது.

"பென்சன் எடுத்தும் பேயோடதான் சீவியமா?" என்றாள் மனைவி.

சேமிக்கும் இடம் வந்தது. மூன்றாவதை அமத்தினேன். குறி தானாக முதலாவதுக்குத் தாவியது. டோர்ச்சை அணைத்துவிட்டு அமத்தினால் ஒவ்வொரு தடவையும் அப்படியே. ஏழு தடவை சோதித்தேன்.

மகளுக்குக் கடிதம் எழுதினேன். "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கியதை மனைவி வாசித்துவிட்டு, "பிள்ளையை இடமாற்றம் செய்யப் போறீங்களா?" என்றாள். கிழித்துவிட்டு மூன்று வரி எழுதினேன்: நீ சொன்னது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு.

வட்ஸ்அப்பில் அனுப்பினால், வாசித்ததாக நீலக் கோடு விழுந்தும் பதில் வராவிட்டால் தாங்க மாட்டேன் என்று தபாலில் போட்டேன். டிசம்பரில் நத்தார் பண்டிகைக்குப் பேசினாள், கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை.

கடைசியில் குரல் செய்தி ஒன்று வந்தது.

"அப்பா, கடிதம் பழைய வீட்டுக்குப் போய் இண்டைக்குத்தான் கைக்கு வந்தது. அழுதுட்டன். நிரபராதி எண்டு தீர்ப்பு எழுத உங்களுக்கு இவ்வளவு காலமா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுறன், மிச்சத்தை ரெண்டு பேரும் ஆடுவம்."

மூன்று தரம் கேட்டேன். நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அன்று பெப்ரவரி நான்காம் திகதி, இலங்கையின் சுதந்திர தினம், அரசாங்க விடுமுறை நாள்.