ஐந்து மேலே ஏறியது

என் அண்ணிக்கு ஆபீசில் 'படக்காரி' என்று பெயர். தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் கிருமிகளை எண்ணுவேன். அந்த எண்களைக் கணினியில் நிரல் எழுதி வரைபடமாக்குவது அவள் வேலை. கல்யாணத்துக்கு அப்புறம், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே கற்ற வித்தை அது.

அந்தக் கூட்டத்துக்கு முதல் நாளே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு குடியிருப்பின் தொட்டியில் மாதாமாதம் கிருமி பத்து மடங்காகிக்கொண்டிருந்தது. அதை மூடச் சொல்ல வேண்டியவர் எங்கள் கூடத்தின் தலைவர்; கூட்டத்தில் அவருக்குத்தான் படத்தைக் காட்ட வேண்டும். அண்ணியின் தங்கை, நிறைமாதக்காரி, அங்கேதான் இருக்கிறாள். "கொதிக்க வெச்சுக் குடிடின்னா கேக்க மாட்டேங்கறா" என்று புலம்பித் தள்ளினாள்.

படம் திரையில் விழுந்தது. தலைவர் இடது அச்சை வாசித்தார். "நூத்தி ரெண்டு, நூத்தி மூணு, நூத்தி நாலு, நூத்தி அஞ்சு. மாசத்துக்கு ஒண்ணுதானே கூடுது? இதுக்குப் போய் தொட்டிய மூடணுமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசி எண் ஒரு லட்சம், ஐயா! பத்தின் தலைமேல் அடுக்காகச் சின்னதாக உட்கார வேண்டிய ஐந்து, கீழே இறங்கிப் பக்கத்தில் நின்று நூற்றைந்தாகியிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"அறிக்கையிலேருந்து எடுத்து ஒட்டினேன். ஒட்டறப்போ எல்லாம் கீழ இறங்கிடுச்சு, நான் கவனிக்கல." அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது.

தலைவர் ஃபைலை மூடினார். "சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"இல்லைங்க, இப்பவே. தப்பு என்னோடது. ரெண்டு நிமிஷம் இருங்க."

எல்லார் முன்னாலும் நிரலைத் திறந்தாள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே வைத்து, பத்துக்கும் ஐந்துக்கும் இடையே கூரை மாதிரி ஒரு குறி போட்டால்தான் ஐந்து மேலே ஏறும். அவசரத்தில் ஒரு டாலரை விட்டுவிட்டாள். கூரையும் டாலரும் அப்படியே திரையில் பல்லிளித்தன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"உங்க வீட்டுத் தண்ணியா இருந்தா சிரிப்பீங்களா?" என்றேன்.

அண்ணி விட்டுப்போன டாலரைப் போட்டு மறுபடி ஓட்டினாள். அத்தனையும் மேலே ஏறி உட்கார்ந்தன. "இது நூறுங்க. இது ஆயிரம். இது பத்தாயிரம். இது ஒரு லட்சம்."

தலைவர் கையிலிருந்த டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, போனை எடுத்தார்.

மத்தியானம் நாங்கள் சாப்பிடும்போது தங்கை போனில் கூப்பிட்டாள். "என்னக்கா கொடுமை இது! குழாயில சொட்டுத் தண்ணி வரல. தொட்டிய மூடிட்டாங்களாம், லாரி வருமாம். இந்த வயித்தோட நான் வாளியத் தூக்கிட்டு நிக்கணுமா? எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலையோ!"

அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீ உக்காருடி. நான் வந்து பிடிச்சுத் தர்றேன்."