வெள்ளிக்கிழமையும் மீன்சோஸும்

தாய்லாந்துக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான சமையல் வகுப்பு அது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நடக்கும். வகுப்பெடுத்த தாய்லாந்துப் பெண் என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். எப்போது புறப்படுகிறீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஒரு சோடி தேனிலவுக்குப் போகப்போவதாகச் சொல்லி வெட்கப்பட்டது. என் முறை வந்தது.

“நான் ஓரிடமும் போகவில்லை. கனடாவுக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு” என்றேன்.

எனக்குத் தேவைப்பட்டது வேலை. சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்திலிருந்த தாய்லாந்து ரெஸ்ரோரன்றில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சமையல் பழகி வந்தால் அடுப்படியில் விடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். சமையலில் எனக்கா பாடம் என்ற திமிரோடுதான் போனேன். முதல் நாளே மூக்குடைபட்டேன். நாங்கள் கடைசியில் விடும் தேங்காய் முதற்பாலை அவர்கள் முதலிலேயே சட்டியில் ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்க விடுகிறார்கள். பார்த்துக்கொண்டு நிற்கவே எனக்குக் கை துடித்தது.

அதையாவது பழகிக்கொண்டேன். சுவை பார்ப்பதுதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் இருந்த தம்பியிடமிருந்து ஏழு மாதமாகக் கடிதம் இல்லை. அது வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வாயில் வைப்பதில்லை என்று முருகனுக்கு நேர்ந்திருந்தேன். இவர்களோ வெறும் கீரைக்கும் மீன்சோஸ் ஊற்றினார்கள்.

நான் மூக்கை நம்பினேன். முதல் வாரம் தப்பிவிட்டேன். இரண்டாம் வாரம் என் கறியை ஒரு கரண்டி குடித்துவிட்டு ஆசிரியை தண்ணீர்க் குழாய்க்கு ஓடினாள். மீன்சோஸை இரண்டு தரம் ஊற்றியிருக்கிறேன்.

“அடுத்த வாரம் உங்கள் சமையலைப் பார்க்க முதலாளி வருகிறார். சுவைக்காமல் சமைப்பவரை நான் எப்படி நல்லவர் என்று சொல்வது?” என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் பிழையில்லை. அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய், பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலைக்குப் போய்வந்து களைத்திருந்த கணவரிடம் கொட்டினேன்.

“முருகனுக்கு மீன்சோஸ் எண்டால் என்னெண்டே தெரியாது. விடும்” என்றார்.

“உங்களுக்கு எல்லாம் பகிடி! நான் நேத்தியை முறிச்சு அவனுக்கு ஏதும் நடந்தால்?”

சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். இவர் எழுந்து கை கால் கழுவி, சாமிப் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார். கோயிலுக்குக் கூப்பிட்டால் கார் பார்க்கிலேயே நின்றுவிடுகிற மனிதர்.

“இனி உந்த நேத்தியை நான் பிடிக்கிறன். முருகனிட்டைச் சொல்லிப்போட்டன். நீர் போய்ச் சுவைச்சுப் பாரும்” என்றார்.

“நேந்தது நானெல்லே?”

“அவன் எனக்கும் மச்சான்தானே.”

அடுத்த வெள்ளி முதலாளிக்கு முன்னால் கறியில் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். புளி காணாது. தேசிக்காய் இன்னும் ஒரு பாதி பிழிந்தேன். அடுப்படி எனக்குக் கிடைத்தது.

தம்பியின் கடிதம் வர மேலும் ஐந்து மாதம் எடுத்தது. மீன் இல்லாவிட்டால் சோற்றைக் கிளறிக்கொண்டிருக்கிற இவர், அதுவரை ஒரு வெள்ளிகூடத் தவறவிடவில்லை.