பதினேழாம் தேதி வரை செல்லும்

எண்பதுகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையின் கேட்டில் எனக்குக் காவல் வேலை. காவல் என்றால் தடியெல்லாம் கிடையாது. உள்ளே போகிறவர்களின் பாஸை வாங்கிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் சரியாக இருந்தால் உள்ளே விடுவேன். ஒன்று இடித்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பாஸ் ஆபீஸ் மேலாளரின் மாதிரிக் கையெழுத்து ஓர் அட்டையில் என் முன்னால் ஒட்டியிருக்கும். ஒரு கொக்கி, இரண்டு சுழி, அடியில் ஒரு கோடு. ஒருமுறை மூன்று சுழியோடு வந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அதிலிருந்து எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

தெரிந்த முகம் என்பதெல்லாம் என்னிடம் எடுபடாது. முகத்தில் யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லையே.

அந்த வருடம் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா அதே பட்டறையில் ஒரு காண்ட்ராக்டரிடம் குழாய் பொருத்தும் வேலையில் இருந்தார். பெண்ணை இரண்டு முறைதான் பார்த்தேன். இரண்டாம் முறை, “நீங்க கேட்ல எல்லாரையும் திருப்பி அனுப்பிடுவீங்களாமே?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

தேதிக்கு நான் நம்பியது ஒரு காலண்டரை. சிராங்கூன் ரோட்டு மளிகைக் கடையில் கொடுத்தது. ராகு காலம் முதற்கொண்டு எல்லாம் போட்டிருக்கும். காலையில் வந்ததும் ஒரு தாளைக் கிழித்துவிட்டுத்தான் உட்காருவேன். அந்த வாரம் விடாத மழை. தாள்கள் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன. ஒரு நாள் ஒன்றைக் கிழித்தபோது இரண்டு தாள் சேர்ந்து வந்தது எனக்குத் தெரியாது.

பெண்ணின் அப்பா ஏழரைக்கு வந்தார்.

“என்ன மாப்பிள்ள, நனையாம வந்தீங்களா?” என்றபடி பாஸை நீட்டினார்.

“மாமா, இது பதினேழு வரைக்கும்தான். இன்னிக்குப் பதினெட்டு.”

“பதினேழுலா இன்னிக்கு? மத்தியானம் போய்ப் புதுப்பிக்கணும்னு இருந்தேன்.”

நான் காலண்டரைக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். பட்டறையில் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர எல்லாக் கிழமையும் ஒன்றுதான். “குழம்பிட்டேன் போல,” என்றார். அச்சடித்த தாளோடு யார் சண்டை போடுவார்கள்?

பாஸ் புதுப்பிக்கும் கவுண்டர் கேட்டுக்கு உள்ளே இருந்தது. அதை அங்கே வைத்த புண்ணியவான் யாரென்று தெரியவில்லை. தேதி முடிந்தவர்களுக்கு காண்ட்ராக்டர் கடிதம் எழுதி, அது மேலே போய், இறங்கி வர ஒரு வாரம் ஆகும். மாமா மழையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அன்று இன்னும் ஆறு பேரை அதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பினேன்.

ஒன்பது மணிக்கு, என்னோடு வேலை பார்த்த மலாய்க்காரர் அன்றைய பேப்பரோடு வந்தார். பேப்பரைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குப்பைக் கூடையிலிருந்து காலையில் கிழித்த தாளை எடுத்து நகத்தால் பிரித்தார். இரண்டு தாள் இருந்தது.

சாயந்திரம் ஒரு பை ஆரஞ்சோடு மாமாவின் வீட்டுக்குப் போனேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

“யானைக்கும் அடி சறுக்கும்லா மாப்பிள்ள. விடுங்க, நாளைக்கு வந்து புதுப்பிச்சுக்கிறேன்.”

உள்ளேயிருந்து வந்த காப்பியில் சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவள்தான் போட்டிருப்பாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தில் ‘நாளைக்கு’ என்று அவர் சொன்னதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் காலண்டரில் கிழிக்க ஒன்றுமில்லை. பதினெட்டு ஏற்கெனவே தயாராக இருந்தது.

மாமாதான் முதலில் வந்தார், சிரித்துக்கொண்டே. பாஸை வாங்கினேன். ஒரு கொக்கி, இரண்டு சுழி. முத்திரையும் சரி. பதினேழு வரை. பாஸ் ஆபீசுக்குப் போன் போட்டேன். நேற்று வந்திருந்தால் புதுப்பித்திருப்போமே என்றார்கள். நேற்று வந்தவரை நான்தான் தப்பாக நிறுத்திவிட்டேன் என்றேன். அதற்கெல்லாம் தங்களிடம் முத்திரை இல்லை என்று போனை வைத்துவிட்டார்கள்.

மாமாவுக்குப் பின்னால் நேற்றைய ஆறு பேரும் நின்றார்கள். அவருக்குத் திறந்தால் அவர்களுக்கும் திறக்க வேண்டும். அப்புறம் நான் அங்கே எதற்கு? கதவுப் பிடி என் கையில்தான் இருந்தது. கொஞ்சம் தள்ளினால் போதும். தள்ளியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சில நாள் தோன்றும்.

“மாமா, இன்னிக்கு நெசமாவே பதினெட்டு.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பாஸைத் திரும்ப வாங்கி, ஈரத்தைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

“நேத்து நீங்க தப்பு பண்ணீங்க, மன்னிச்சிட்டேன். இன்னிக்குச் சரியாத்தான் செய்றீங்க. இதை எப்படித் தம்பி மன்னிக்கிறது?”

மாப்பிள்ளை என்று கூப்பிட்டவர் தம்பி என்றதை, அவர் பஸ் ஏறிய பிறகுதான் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டையோடு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரச் சொல்லி ஆள் அனுப்பவில்லை.