ஜெராம் விமான நிலையத்தின் ஒரே விமானி

மலேசியாவின் ஜெராமில் விமான நிலையம் இருந்ததில்லை என்று அரசாங்கம் சாதிக்கும். அதை நம்ப வேண்டாம். 1986இல், அழகேசனின் ரேடியோ ரிப்பேர் கடைப் பின்னறையில் ஒன்று இயங்கியது. விமானி, அவர் மனைவி லீலாவதி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அனுபவம் உண்டு. விமானம் ஏறிய அனுபவம் இல்லை. சிறுநீரகம் கைவிட்டுவிட்டதால் இனி ஏறவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊர் மாறிப்போன தோட்ட மேனேஜர் ஒருவர் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருந்தது. வீங்கிய விரல்களால் லீலாவதிக்குப் பொத்தான்களைத் தட்ட வரவில்லை. ஆகவே அழகேசன் விமானத் தொழிலில் இறங்கினார். லோரி ஓட்டும் நல்லசாமி பழைய கியர்க் கம்பி ஒன்றைக் கொடுத்தார். செத்த ரேடியோக்களின் வால்யூம் கண்ட்ரோல் இரண்டை அதன் அடியில் அழகேசன் பொருத்தினார். கம்பியை அசைத்தால் அவை திரும்பும். அதைப் பார்த்துக் கம்ப்யூட்டர் விமானத்தைத் திருப்பும். படித்தவர்கள் இவற்றைப் பொட்டென்ஷியோமீட்டர் என்பார்கள். பெயர் நீண்டாலும் குணம் மாறாது.

"ஒரு தடவையாச்சும் சாகாம தரையில எறக்கிடணுங்க," என்பார் லீலாவதி.

கம்பியைப் பாதி இழுக்கும்வரை விமானம் அசையாது. இன்னும் சற்று இழுத்தால் செங்குத்தாக எழுந்து, மல்லாந்து, விழும். தினமும் விழுந்தது.

"உங்க ஏரோப்ளேனுக்கு ஆஸ்பத்திரியே தேவலங்க. அங்க சொல்லிட்டாச்சும் குத்துவாங்க."

"கை நடுங்குது லீலா. மெதுவா இழு."

"மெதுவாத்தானே இழுக்குறேன்!"

அழகேசன் நியாயவான். ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்க மாட்டார். வால்யூம் கண்ட்ரோல்களைக் கழற்றி நல்ல ரேடியோ ஒன்றில் மாட்டித் திருப்பினார். நாதஸ்வரம் சீராக ஏறி, சீராக இறங்கியது. காது சாட்சி சொல்லிவிட்டது. குற்றவாளி கைதான் என்று தீர்ப்பாயிற்று. லீலாவதியின் மணிக்கட்டைத் துணிசுற்றி நாற்காலியோடு கட்டினார். விமானம் அப்போதும் விழுந்தது.

"அவுத்து விடுங்க. கையும் போயிருச்சு எனக்கு."

அதன்பிறகு லீலாவதி கம்பியைத் தொடவில்லை. தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்தபின் ஒருநாள், சும்மா கிடந்த கம்பியின் முன் நல்லசாமி உட்கார்ந்தார். பலகை ஏற்றிய லோரியை மலைப்பாதையில் இறக்குகிற கை அது. விமானம் செங்குத்தாக எழுந்து, மல்லாந்து, விழுந்தது.

"என்னண்ணே இது! என் கையுமா நடுங்குது? பாருங்க லா!"

கை நடுங்கவில்லை. அழகேசன் மின்தடை அளக்கும் மீட்டரை வால்யூம் கண்ட்ரோலில் வைத்துத் திருப்பினார். பாதி தூரம்வரை முள் ஏறக்குறைய படுத்தே கிடந்தது; பிறகு ஒரே தாவல். ரேடியோவின் வால்யூம் கண்ட்ரோலைத் தெரிந்தேதான் இப்படிக் கோணலாகச் செய்கிறார்கள்; அப்போதுதான் சத்தம் சீராக ஏறுவதாகக் காதுக்குத் தோன்றும். காதுக்காகச் செய்த கோணலைக் காதையே கூப்பிட்டு விசாரித்தார் அழகேசன். விமானத்துக்குக் காது கிடையாது.

ஸ்டீரியோ ஒன்றில் இடமும் வலமும் சத்தத்தைப் பிரிக்கும் குமிழ் இருந்தது. அது சீராகவே திரும்பும் ரகம். இரண்டு ஸ்டீரியோக்களைப் பிரித்து மாட்டினார். இந்தமுறை அழகேசனே ஓட்டினார். விமானம் பசுவைப் போல் சொன்னபடி கேட்டது. ஓடுபாதை கிட்டே வந்தது.

"எறங்குது லா! எறக்குங்கண்ணே!"

இறக்காமல், அழகேசன் கம்பியைப் பின்னுக்கு இழுத்தார். விமானம் அலுங்காமல் மேலே ஏறியது. ஜெராமில் எந்த விமானமும் தரையிறங்கியதில்லை. அந்த மட்டில் அரசாங்கம் சொல்வது உண்மைதான்.

"அவ கை நல்லாத்தான்யா இருந்துச்சு," என்றார் அழகேசன்.