உட்கார்ந்தபடி பார்த்த ஊர்கள்

எங்கள் வாசலில் தேனி டாக்சி வந்து நின்றால் போடி கடைவீதிக்கே விஷயம் தெரிந்துவிடும். எதிர் மளிகைக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே எட்டிப் பார்ப்பார். "என்ன, ஊர் சுத்திப் பாக்கக் கெளம்பிட்டீகளா?" என்று கேட்பார். அப்பாவும், "ஆமா, பிள்ளைக வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்குதுக" என்பார். வீட்டில் இருந்த பிள்ளை நான் ஒருத்திதான். பன்மையில் சொன்னால் பொய்க்குக் கொஞ்சம் மரியாதை கூடும் என்று நினைத்தாரோ என்னவோ.

நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை. என்னைக் காட்டப் போனோம். எழுபதுகளில் எங்கள் பக்கத்து வியாபாரக் குடும்பங்களில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வீடு தேடி வந்து, பலகாரம் தின்று, கை கழுவிவிட்டுப் போய், அப்புறம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினால் தெருவே வாயில் போட்டு மெல்லும். அதனால் முதல் பார்வை வெளியூரில். வைகை அணையிலோ வீரபாண்டிக் கோயிலிலோ இரண்டு குடும்பங்கள் தற்செயலாகச் சந்தித்தது போலச் சந்திக்கும். பிடித்தால் மேற்கொண்டு பேச்சு. பிடிக்காவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை என்று அவரவர் வீட்டுக்குப் போய்விடலாம்.

மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள். எனக்குக் கார்தான் வேண்டும். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து என் இடது கால் சூம்பிவிட்டது. பஸ் படியில் நான் ஏறி இறங்குவதைப் பார்த்தால் பார்க்க வந்தவனுக்கு வேறெதையும் பார்க்க வேண்டியிருக்காது. உட்கார்ந்திருந்தால் என்னிடம் ஒரு குறையும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வது கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். முகம் நன்றாக இருக்கும், முடி நிறைய இருக்கும், நாலு வார்த்தை தெளிவாகப் பேசுவேன். எழுந்தால்தான் வம்பு.

எங்கள் வீட்டில் இதைச் சொல்வதற்கென்று ஒரு பேச்சு இருந்தது. "அவளுக்கு நடை மட்டும் கொஞ்சம்" என்று அம்மா ஆரம்பிப்பாள். கொஞ்சம் என்ன என்று யாரும் முடித்ததில்லை. தெருவில் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சொன்ன அந்த ஒற்றைச் சொல் எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. வேலைக்கு வந்த பெண் ஒருத்தி ஒருநாள் அடுத்த வீட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே அப்பா அவளை நிறுத்திவிட்டார். ஆட்டுக்குட்டியைத்தான் சொன்னாள் என்று அம்மா எவ்வளவோ சொல்லியும் அவர் கேட்கவில்லை.

டிரைவர் எப்போதும் ஒருவரேதான். தேனி ஸ்டாண்டில் அவர் காரைத்தான் அப்பா சொல்லி அனுப்புவார். நாள் முழுக்க வண்டி எங்களுடையது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த வழியில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் போகிற போக்கில் முடிவாகும். மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரம் யாருக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஊர் சுற்றிப் பார்க்க என்று சொல்லித்தானே வண்டி பிடித்தார்கள், அதனால் சுற்றிக் காட்டியே தீருவார். "இடது பக்கம் பாருங்க மொதலாளி, திராட்சைப் பந்தலு. ஓடப்பட்டி வரைக்கும் இதேதான்" என்பார். "கோம்பைக்கு வண்டிய விடட்டுமா, அந்த ஊரு வேட்டை நாய் பாத்துட்டு வருவோம்" என்பார். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "நாயப் பாக்கவாப்பா கெளம்பி வந்தோம்" என்பார். அவர் காதில் விழாது.

ஒரு வேலையை மட்டும் யாரும் சொல்லாமலே செய்வார். எங்கே நிறுத்தினாலும் என் கதவு ஒரு கல்லையோ திண்டையோ ஒட்டி இருக்கும்படி வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய்ப் பொருத்துவார். கதவைத் திறந்து ஒரே ஒரு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடலாம்.

ஒரு நாளைத்தான் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு இருபத்தேழு நடந்துகொண்டிருந்தது. இந்த இடமும் தட்டிப்போனால் இனி கார் பிடிக்கப்போவதில்லை என்று முதல் நாளே அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. எனக்குக் கல்யாணம் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு வீடு, ஒரு ஆள், என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தாத நாலு மனிதர்கள். அவ்வளவுதான் கேட்டேன்.

மாப்பிள்ளைக்குக் கம்பம் பக்கம். சொந்த அரிசி மில்லில் மேற்பார்வை. அப்பாவுக்குப் பழக்கமான ஏலக்காய்த் தரகர் ஒருவர் கொண்டுவந்த இடம். போட்டோவும் கொடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து எடுத்த படம். நெற்றி அகலம், கண்ணில் ஏதோ ஒரு சிரிப்பு. நான் அனுப்பியதும் நாற்காலியில் உட்கார்ந்து எடுத்ததுதான். கால் விஷயத்தை எப்போது சொல்வது என்று அம்மா கேட்டதற்கு, "மனசுக்குப் பிடிச்சுப் போகட்டும், பெறகு பக்குவமாச் சொல்லிக்கிருவோம்" என்றார் அப்பா.

காலையில் வைகை அணை. பூங்காவில் மகிழ மரத்தடித் திண்டில் என்னை உட்காரவைத்து, சேலை மடிப்பைக் கால் மறைய இழுத்துவிட்டாள் அம்மா. "என்ன ஆனாலும் எந்திரிக்காத ஆத்தா. வானம் இடிஞ்சு விழுந்தாலும் எந்திரிக்காத" என்றாள். டிரைவர் அணையைப் பற்றி யாரும் கேட்காத கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறிய பிறகு ஒரு கறுப்பு அம்பாசடர் வந்தது. தூரத்திலேயே வேகம் குறைத்து, எங்களைப் பார்த்தது போல நின்று, அப்படியே வட்டமடித்துத் திரும்பியது. பார்த்துவிட்டார்கள், பிடிக்கவில்லை, போகிறார்கள். அதற்குள் அந்தக் காரிலிருந்து தரகர் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இங்கன வெயிலு ஜாஸ்தியா இருக்காம். சுருளிக்கு வரச் சொன்னாக. அங்கன நெழலா இருக்கும்" என்றார். காரை விட்டு இறங்காதவர்களுக்கு வெயில் எங்கே சுட்டது என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவுக்கு உயிர் வந்தது. அது போதும் என்று எல்லாரும் ஏறினோம்.

வைகையிலிருந்து சுருளி அந்தக் கோடிக்கு இந்தக் கோடி. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். டிரைவருக்குக் கொண்டாட்டம்தான். ஒவ்வொரு வாய்க்காலையும் தோப்பையும் காட்டிக்கொண்டே வந்தார். அம்மா கட்டி வந்த புளியோதரையை யாரும் பிரிக்கவில்லை. மேற்கே மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் கூட, "கேரளாவுல மழை போடுது மொதலாளி, சாயங்காலம் இங்கன சாரல் வரும்" என்று காட்டினார்.

சுருளியில் அவர்கள் கார் முந்தியே வந்து நின்றிருந்தது. மாப்பிள்ளை முன் சீட்டில் இருந்தார். அவர் அப்பாவும் அம்மாவும் தரகரும் இறங்கி நின்றிருந்தார்கள். எங்கள் டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டியைச் சுற்றிக் கொண்டுபோய், அவர்கள் கண்ணுக்கு வண்டி மறைக்கும்படி ஒரு பாறையை ஒட்டி நிறுத்தினார். நான் நழுவி உட்கார்ந்தேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். திரை விலகியது போல நான் தெரிந்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரி. நேராக என்னிடம் வந்து கன்னத்தைத் தொட்டாள். "படத்துல பாத்ததவிட நல்லாருக்கீகளே தாயி" என்றாள். என்ன படித்தேன், என்ன சமைப்பேன் என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வந்தது. பையன் ஏன் இறங்கவில்லை என்று என் அம்மா மெல்லக் கேட்டதற்கு, "கார்ல வந்தது தலை சுத்துதாம் மதினி. செத்த நேரம் உக்காரட்டும்" என்றாள். எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

"வாங்களேன், அருவி வரைக்கும் ஒரு எட்டு நடந்துட்டு வருவோம்" என்றார் அப்பா, என்னையும் அந்தப் பையனையும் விட்டுவிட்டு அவர்களைக் கிளப்பிக்கொண்டு போகலாம் என்று. "நீங்க போயிட்டு வாங்க, நாங்க இங்கனயே இருக்கோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. இப்படியே மாற்றி மாற்றி உபசாரம் நடந்தது. யாரும் நகரவில்லை. சுருளிக்கு வந்து அருவியைப் பார்க்காத இரண்டு குடும்பங்கள் நாங்களாகத்தான் இருக்கும். மாப்பிள்ளை காரிலிருந்து என்னைப் பார்த்தார். நான் பாறையிலிருந்து பார்த்தேன். போட்டோவிலிருந்த அதே சிரிப்பு கண்ணில் இருந்தது.

சாரல் வந்தது. முதலில் தூறல், பிறகு சடசடவென்று. எல்லாரும் பக்கத்து மண்டபத்துக்கு ஓடினார்கள். பாதி வழியில் அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். எழுந்திரு என்றும் சொல்ல முடியாமல், உட்கார் என்றும் சொல்ல முடியாமல் அப்படியே நின்றாள். அப்பா அவளை இழுத்துக்கொண்டு போனார். நான் நனைந்தேன். தலையில் வைத்த மல்லிகையிலிருந்து தண்ணீர் கழுத்தில் வடிந்தது. இவ்வளவுதானா நம் பிழைப்பு என்று அழுகை வந்தது. மழையில் யாருக்கும் தெரியாது என்று அழுதேன்.

அப்போது அந்தக் கார்க் கதவு திறந்தது. ஒரு குடை வெளியே விரிந்தது. அதன் கீழே அவர் இறங்கினார். வலது காலை ஒரு வட்டமாகச் சுழற்றி வைத்து, உடம்பைச் சாய்த்து, மறுபடி நிமிர்ந்து, மண்டபத்தில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க என்னை நோக்கி நடந்து வந்தார். அந்த நடையை எனக்குத் தெரியும். கண்ணாடி இல்லாமலே தெரியும்.

குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். "ஏன் இப்படி நனையிறீக?" என்றார்.

"எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக" என்றேன்.

அவர் என் சேலை ஓரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என்னய எறங்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக. காலையில அணையில நீங்க மொதல்ல வந்து உக்காந்துட்டீக. நீங்க பாக்க நா எப்படி எறங்கி நடந்து போயி உக்கார்றது?" என்றார்.

நான் எழுந்தேன். இரண்டு பேரும் ஒரே குடையில் மண்டபம் வரை நடந்தோம். எனக்கு இடது கால், அவருக்கு வலது கால். தோள்கள் இடித்துக்கொண்டன. அவர் நடை வேகத்துக்கு நானோ என் வேகத்துக்கு அவரோ காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தூரம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

மண்டபத்தில் முதலில் பேசியது என் கன்னத்தைத் தொட்ட அந்த அம்மாதான். "இத முன்கூட்டியே சொல்லிருக்கணும்ல?" என்றாள். "நீங்க மட்டும் சொன்னீகளாக்கும்" என்றாள் அம்மா. தரகர் குறுக்கே வந்து கையைப் பிசைந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருக்கிறது. "ரெண்டு பக்கமும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போகுமேன்னுதான்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் எல்லாம் கெட்டது. சரியாப் போகுமா, என்ன பேச்சுய்யா இது, யாருக்கு யாரு சரி என்று இரண்டு அப்பாக்களும் ஒரே குரலில் எகிறினார்கள். நாள் முழுக்க அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

நாங்கள் இரண்டு பேரும் தூணருகே நின்றோம். எங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்து, "அப்பா" என்றார். "நீ கார்ல ஏறுடா" என்றார் அவர் அப்பா. நான் அதைக்கூடச் சொல்லவில்லை. குடையை மடக்கிக்கொண்டு அவர் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

திரும்பும்போது டிரைவர் எதையும் காட்டவில்லை. மழை விட்டு, சுருளிப்பட்டித் தோப்புகளில் வெயில் அடித்தது. கம்பம் தாண்டும்வரை காருக்குள் வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்தக்கூட அவருக்கு நினைவில்லை. அப்பா முன் சீட்டில் ரோட்டைப் பார்த்தபடி இருந்தார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எம் பொண்ணப் போயி ஒரு நொண்டிப் பய தலையில கட்டப் பாத்தாகளே."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "விடுங்க. நம்ம பிள்ளைக்கு என்ன கொறை" என்றாள்.

இருவரும் மனதாரத்தான் சொன்னார்கள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் டிரைவர் வழக்கம் போல என் கதவைப் படியை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார். அதன் பிறகு அப்பா கார் பிடிக்கவில்லை. வருகிறவர்களும் குறைந்தார்கள், பிறகு யாரும் வரவில்லை. குடை பிடித்தவருக்குக் கம்பத்திலேயே கல்யாணம் ஆனது என்று தரகர் வீட்டை ஒட்டிய எங்கள் கடைக்கு வந்து சொன்னபோது, அப்பா எனக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "நல்லவேளை, எம் பிள்ள தப்பிச்சா" என்றார். எனக்குக் கேட்டது. சாகும்வரை அவர் அப்படித்தான் நம்பினார், ஒரு நொண்டியிடமிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டதாக.