புத்திமுட்டுள்ள பிள்ளைகள்

எங்கள் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்த அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து வரும் சர்க்குலர்கள் எல்லாம் மலையாளத்தில்தான் வரும். அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவே, பாதி ஓடும் பாதி ஓலையுமாக நின்ற பள்ளிக்கூடம் அது. நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். வயது இருபது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஹெட்மாஸ்டரைப் பெரிய சார் என்போம். அவர் எல்லைக்கு அப்புறம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர். மலையாளத்தில் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் தெரியாது. அதனால் சர்க்குலரை நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு பொருள் சொல்வார்.

அன்று வந்த சர்க்குலர், குட்டிகள், அதாவது பிள்ளைகள், தங்கள் புத்திமுட்டுகளைத் தாங்களே தீர்க்கக் கற்றுத்தரும் களிகளைத் தேர்ந்தெடுத்து நடத்த வேண்டும், இன்ஸ்பெக்டர் வரும்போது காட்ட வேண்டும் என்றது. களி என்றால் விளையாட்டு என்பது பெரிய சாருக்குத் தெரிந்திருந்தது. வேலைக்கு வந்த முதல் வருஷம் அதை உளுந்தங்களி என்று நினைத்து ஒருமுறை அவமானப்பட்டிருக்கிறார். இந்தத் தடவை இடறியது புத்திமுட்டில்.

மலையாளத்தில் கஷ்டம், சிரமம், இல்லாமை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். அருமனையில் கட்டிக்கொடுத்த என் அக்கா வீட்டில் மழையில் பாதை சேறானாலும் புத்திமுட்டு, பானையில் அரிசி தீர்ந்தாலும் புத்திமுட்டு. அதனால் மெதுவாகச் சொன்னேன்.

"புத்திமுட்டுன்னா கஷ்டம்னு அர்த்தம் சார்."

"புத்தி, முட்டு. ரெண்டும் நம்ம வார்த்தைதான டீச்சர்" என்றார் அவர். "புத்தி போற வழியில எங்கயோ முட்டிக்கிட்டு நிக்கி. அந்த மாதிரிப் பிள்ளையளக் கண்டுபிடிச்சு, வெளையாட்டுக் காட்டி அடைப்ப எடுக்கணும். அம்புட்டுதான்."

வேலையை நிரந்தரமாக்கும் காகிதத்தில் அவர் கையெழுத்துதான் விழ வேண்டும். பயந்துதான் வாயை மூடினேன், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

விளையாட்டைத் தேர்ந்தெடுக்கப் பள்ளிக்கூட மானேஜர் வந்தார். பள்ளிக்கூடமும் அதைச் சுற்றியிருந்த வயலில் முக்கால்வாசியும் அவருடையவை. நான் பல்லாங்குழி சொன்னேன். "அது பொம்பளைய வெளையாட்டுல்லா" என்றார். தாயம் சொன்னேன். சூதாட்டம் என்றார். விடுகதை போடலாம் என்றேன். "இப்பமே பிள்ளைய எதுத்து எதுத்துக் கேக்கு. அதுக்குக் கேள்வி கேக்கவும் படிச்சுக் குடுக்கணுமாக்கும்" என்றார். கடைசியாக, தரையில் கோடு கீறி, ஆடுபுலி ஆட்டத்தை விளக்கினேன். ஆடுகள் எல்லாம் சேர்ந்து புலியை நகரவிடாமல் கட்டிப்போடும் இடம் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஆடெல்லாம் ஒண்ணாச் சேந்து புலியை மடக்குகதா? டீச்சரே, இது செங்கொடிக்காரன் வெளையாட்டு. நாளைக்கு அறுப்புக்கு ஆள் வராது" என்றார்.

ஆக, பெரிய சார் தேர்ந்தெடுத்ததுதான் நின்றது. ஒருவனிடம் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு. ஆற்றைத் தாண்ட வேண்டும். படகில் அவனோடு ஒன்றுதான் ஏறலாம். தனியாக விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் அக்கரை சேர்க்க வேண்டும். அதன் சிறப்பு, பெரிய சாருக்கு விடை தெரியும் என்பது. குழந்தைகளுக்கு விளையாட்டு தேர்ந்தெடுப்பதில் இதைவிடப் பெரிய தகுதியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. தச்சர் மரத்தில் பொம்மைகள் செய்து தந்தார். புலியைப் பார்த்தறியாத மனிதர். அவர் செய்த புலிக்குப் பூனை முகம், அதுவும் பால் குடித்துவிட்டு வந்த பூனை.

மறுநாளே பரீட்சை. விடை சொல்லாத பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதி, தலைப்பில் 'புத்திமுட்டுள்ள பிள்ளைகள்' என்று பெரிய சார் கொட்டை எழுத்தில் போட்டார். தாளில் இருக்கும் பிள்ளை வருஷக் கடைசியில் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார வேண்டும் என்பது அவரே சேர்த்துக்கொண்ட சட்டம். பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஒருவன், பாலம் இருக்கும்போது படகு எதற்கு என்றான். ஒருத்தி, ஆட்டைக் கட்டிப்போட்டால் போதுமே என்றாள். இன்னொருவன், புலியை வைத்திருப்பவன் எதற்குப் படகுக்காரனிடம் பயப்பட வேண்டும் என்று கேட்டான். மூவர் பெயரும் தாளில் ஏறின. மானேஜரின் பேரன் பாதி வழியில் புலியைத் தண்ணீரில் போட்டுவிட்டான். "புலி நீந்தும்" என்று சொல்லிப் பெரிய சார் அவனைப் பாஸாக்கினார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். ஆறு வயது. தகப்பனார் மானேஜர் வயலில் ஏர் பிடிக்கிறவர். அவள் பொம்மை ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆடு புல்லைத் தின்னா நல்லதுதானே டீச்சர், அதுக்குப் பசிக்கும்லா" என்றாள்.

வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் பெயரும் ஏறியது.

அன்று சாயங்காலம் அவள் தகப்பனார் வரப்பில் என்னை நிறுத்தினார். "பிள்ளை தோத்துட்டாம்லா டீச்சர். இன்னும் ஒரு வருசம் அதே கிளாசுலன்னா வேண்டாம். நிறுத்திருகேன். மானேஜர் வீட்டுல தொட்டில் ஆட்ட ஆள் கேக்காவ" என்றார். அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை, வெள்ளாமை பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெரிய சாரிடம் கெஞ்சி, வெள்ளிக்கிழமை அவளுக்கு மட்டும் மறுபரீட்சை வாங்கினேன்.

மூன்று நாள், மதியம் மதியம் சொல்லிக்கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் சாப்பிட வீட்டுக்கு ஓடும் நேரத்தில் அவள் வகுப்பிலேயே இருப்பாள். படிப்பில் எவ்வளவு ஆசை என்று மெச்சிக்கொண்டேன். என் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு வாய் சாப்பிட்டுக்கொண்டே, முதலில் ஆடு, பிறகு வெறும் படகு, பிறகு புலி, ஆட்டைத் திருப்பிக் கொண்டுவா என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட என்ன இருக்கும் என்று ஒருமுறைகூட எனக்குத் தோன்றவில்லை. பெரிய சாரின் தாளில் முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை அவள் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பெரிய சார் அவள் பெயரை அடித்தார், பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். தகப்பனாரும் நிறுத்தவில்லை. அன்று நான் பெருமையோடு வீட்டுக்கு நடந்தேன்.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். மலையாளி, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர். பூனைமுகப் புலியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். பிறகு மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார். தலைப்பை வாசித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நன்னாயி. நான் கேக்கறதுக்கு முன்னாடியே புத்திமுட்டுள்ள பிள்ளைகள் லிஸ்ட் தயாராக்கி வெச்சிட்டீங்களே. ஒரு ஸ்கூல்லயும் இது இல்லை" என்றார்.

அவர் பையில் வேறொரு உத்தரவு இருந்தது. வீட்டில் கஷ்டப்படும் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதியக் கஞ்சியும் பயறும், வருஷத்துக்கு ஒரு சோடித் துணியும். எங்கள் பள்ளிக்குப் பதினைந்து பேர். தாளில் அடிக்காமல் இருந்த பதினான்கு பெயருக்கும் அங்கேயே கையெழுத்துப் போட்டு, பதினைந்தாவதை ஹெட்மாஸ்டரே நிரப்பட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தன் புத்தி எங்கே முட்டியது என்பது பெரிய சாருக்கு அப்போதுதான் பிடிபட்டிருக்க வேண்டும், ஆனால் வெளியே சொல்லவில்லை.

செய்தி ஊருக்குள் போனது. போன வாரம் தங்கள் பிள்ளை மகா புத்திசாலி என்று வாதாடியவர்கள் எல்லாம் இந்த வாரம் வரிசையாக வந்து, அவன் ஒரு மண்டு சார் என்று சத்தியம் செய்தார்கள். ஒரு தாய் தன் மகனை எங்கள் முன்னாலேயே நிறுத்தி, அஞ்சும் மூன்றும் எத்தனை என்று கேட்டு, அவன் எட்டு என்று சொல்லிவிட்டதற்காக முதுகில் ஒன்று வைத்தாள். பதினைந்தாவது இடம் மானேஜரின் பேரனுக்குப் போயிற்று. "கஞ்சிக்காக இல்ல. சர்க்கார் குடுக்கத வேண்டாம்னு சொல்லப்பிடாதுல்லா" என்றார் மானேஜர். புலியைத் தண்ணீரில் போட்டது தப்புதான் என்று பெரிய சாருக்கும் இப்போது பட்டது.

அந்தக் கடைசி வரிசைப் பெண் மதியம் ஏன் வீட்டுக்கு ஓடவில்லை என்பது கஞ்சி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் பெரிய சாரிடம் போய் நின்றேன். அந்தப் பெண்ணின் வீட்டு நிலையைச் சொன்னேன்.

"அவ பாஸாயிட்டாளே டீச்சர். நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கிய" என்றார்.

அவள் தகப்பனார் மறுபடி வந்தார். கஞ்சி கிடைக்கும் என்றால் பிள்ளை படிக்கட்டும், இல்லையென்றால் மானேஜர் வீட்டில் தொட்டில் ஆட்டினால் இரண்டு வேளைச் சோறு உண்டு என்றார். பக்கத்தில் நின்ற அவள் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ஆட்டுக் கணக்க இன்னொருக்கக் கேக்கச் சொல்லுங்க. நான் தப்பாச் சொல்லுகேன்."

மறுநாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவளைப் பெரிய சார் முன் நிறுத்தினேன். மேஜைமேல் பொம்மைகளை வைத்தார். அவள் புல்லுக்கட்டைப் படகில் ஏற்றினாள். புலியையும் ஆட்டையும் இக்கரையில் ஒன்றாக விட்டாள். பிறகு அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

பெரிய சார் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பாத்தியளா டீச்சர், வேணும்னே தப்பா வைக்கா. கஞ்சிக்கு எப்படி ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கா பாருங்க. இவளுக்கா புத்தி முட்டுது? இந்தப் பள்ளிக்கூடத்துலயே புத்தியுள்ள பிள்ளை இவதான்."

மனசார மெச்சித்தான் சொன்னார். அவளுக்காக எல்லோரும் கை தட்டுங்கள் என்று வகுப்புக்குச் சொன்னார். பிள்ளைகள் தட்டினார்கள். வெளியே கஞ்சிக்கு மணி அடித்தது, பதினைந்து பேரும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்த கடைசி நாள் அது. பெரிய சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கை தட்டினேன்.